பதினோரு பூட்டுக்கு ஒரே சாவி

மார்ச் 3, செவ்வாய்

இரவு பதினொன்றரைக்கு ஒரு மெயில். உங்கள் கணக்கில் புதிய சாதனத்திலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்று. வங்கிக் கணக்கில் இல்லை. எப்போதோ படங்கள் போட்டு வைக்கத் திறந்து, மறந்தே போன ஒரு கணக்கு. உள்ளே இருப்பது மங்கலான நாற்பது படம். எடுத்துக்கொண்டு போகட்டும் என்று போனைக் கவிழ்த்துவிட்டுப் படுத்தேன்.

ஐந்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அந்தப் பாஸ்வேர்ட்தான் என்னுடைய எல்லாப் பாஸ்வேர்டும். முன்பு வீட்டில் இருந்த பூனையின் பெயர், பின்னால் நான்கு இலக்கம். வங்கிக்கு மட்டும் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி சேர்த்திருந்தேன், ஏதோ ராணுவ ரகசியம் மாதிரி.

எழுந்து உட்கார்ந்து வங்கிக்குள் போனேன். பணம் இருந்தது. கடைசிப் பத்துப் பரிவர்த்தனையையும் இரண்டு தடவை பார்த்தேன். பாஸ்வேர்டை மாற்றி, மற்ற சாதனங்களில் திறந்திருப்பதையெல்லாம் மூடச் சொல்லிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. பூனையின் பெயரை எங்கெங்கே கொடுத்தேன் என்று விரல் விட்டு எண்ணினேன். பதினொன்று வரை ஞாபகம் வந்தது.

மார்ச் 4, புதன்

ஹேக்கர் என்றால் இருட்டறையில் உட்கார்ந்து என் பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டிருக்கும் ஆள் என்றுதான் இத்தனை நாள் நினைப்பு. அப்படி யாரும் மெனக்கெடுவதில்லை. ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த மெயில் முகவரி, பாஸ்வேர்ட் ஜோடிகளை மொத்தமாக எடுத்து, ஒரு நிரலை ஏவி, மற்ற தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்க்கிறார்கள். திறந்தால் லாபம், திறக்காவிட்டால் அடுத்த ஜோடி. என் ஆச்சரியக்குறியும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். கசிந்த சொல்லோடு ஒரு குறி, ஓர் எண், ஒரு வருடம் என்று ஒட்டிப் பார்ப்பது அந்த நிரல்களின் பாலபாடம்.

டிராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் என் மெயில் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். நான்கு கசிவுகளில் இருக்கிறேன். அங்கேயே பாஸ்வேர்டையும் சோதிக்கலாம். எவனோ ஒருவன் தளத்தில் என் பாஸ்வேர்டை அடிப்பதா என்று முதலில் தயங்கினேன். படித்துப் பார்த்தால் ஏற்பாடு அழகாகத்தான் இருக்கிறது. நாம் அடிக்கும் சொல்லை நம் கணினியே 40 எழுத்துள்ள ஒரு குறியீடாக மாற்றி, அதில் முதல் 5 எழுத்தை மட்டும் அனுப்புகிறது. அந்த ஐந்தில் தொடங்கும் குறியீடுகள் எல்லாம் பட்டியலாகத் திரும்பி வருகின்றன. மிச்சம் பொருந்துகிறதா என்று நம் கணினியே பார்த்துக்கொள்கிறது. கேட்கப்பட்டது எந்தச் சொல் என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது.

பூனையின் பெயர் பட்டியலில் இருந்தது. அதே நான்கு இலக்கத்தோடு.

மார்ச் 6, வெள்ளி

பிரவுசரில் சேமித்து வைத்திருந்தவற்றை எண்ணினேன். 143 கணக்கு. இதில் முக்கால்வாசி ஒருமுறை ஏதோ வாங்கியதற்காகவோ ஒரு பக்கம் படித்ததற்காகவோ திறந்தது. எங்கிருந்து தொடங்குவது?

வங்கியிலிருந்துதான் என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்ததும் தப்பு என்று புரிந்தது. எந்தத் தளத்தில் பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று அழுத்தினாலும் புதிதாக வைத்துக்கொள்ளச் சுட்டி எங்கே வருகிறது? மெயிலுக்கு. என் மெயிலுக்குள் ஒருவன் உட்கார்ந்துவிட்டால் மற்ற பூட்டுகளை அவன் உடைக்க வேண்டியதில்லை. சாவிக்கொத்து தொங்கும் ஆணி அது. அந்த ஆணிக்கும் பூனையின் பெயரைத்தான் வைத்திருந்தேன்.

அதனால் முதலில் மெயில். பாஸ்வேர்டை மாற்றிய கையோடு செட்டிங்ஸைத் துழாவியதில் இரண்டு விஷயம். மீட்பு முகவரியாக, வருடக்கணக்காக நான் திறக்காத ஒரு பழைய மெயில் பெட்டி இருந்தது. அது இன்னும் என் பெயரில்தான் இருக்கிறதா என்பதே சந்தேகம். தூக்கினேன். இன்னொன்று, வரும் மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதிகள் உள்ள பகுதி. உள்ளே நுழைந்தவன் செய்யும் முதல் வேலைகளில் இது ஒன்று. வங்கியிலிருந்து வருவதையெல்லாம் தனக்கு அனுப்பிவிட்டு நம் பெட்டியிலிருந்து அழித்துவிடு என்று ஒரு விதி போட்டுவிட்டால், எச்சரிக்கை வந்ததே நமக்குத் தெரியாது. பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அங்கேயே கிடக்கும். என்னுடையதில் விதி எதுவும் இல்லை. அந்தப் பக்கம் இருக்கிறது என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

மார்ச் 7, சனி

அத்தையிடம் போனில் சொன்னேன்.

“ஏன்டா, என் நோட்டைப் பார்த்து அன்னைக்கு அந்தச் சிரிப்பு சிரிச்சியே?”

சிரித்தேன்தான். அத்தை எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு. சொல்லைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டில் தட்டி, வந்ததை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வாராம்.

“அத்தை, நீங்கதான் சரியா செஞ்சிருக்கீங்க. அந்த நோட்டை எடுக்கணும்னா ஒருத்தன் உங்க வீட்டுக்கு வரணும். என்னுடையதுக்கு உலகத்தோட எந்த மூலையில இருந்தும் வரலாம்.”

“அப்ப நீயும் ஒரு நோட்டு வாங்கிக்கோ.”

143 கணக்குக்கு நோட்டு சரிப்படாது. ஆனால் அத்தைக்கு அதை மாற்றச் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை. நான்கே கணக்குதான் அவருக்கு.

மார்ச் 8, ஞாயிறு

பாஸ்வேர்ட் மேனேஜர் போட்டாயிற்று. எல்லாப் பாஸ்வேர்டையும் தானே உருவாக்கி, ஒரே பூட்டுக்குள் வைத்துக்கொள்ளும் ஆப். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைப்பதா என்று கேட்பார்கள். ஏற்கெனவே ஒரே கூடையில்தான் வைத்திருந்தேன், கூடைக்கு மூடிகூட இல்லாமல்.

அதைத் திறக்கும் முதன்மைப் பாஸ்வேர்டுக்கு ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995இல் சொன்ன வழி. பகடையை ஐந்து முறை உருட்டினால் ஐந்து இலக்கம் கிடைக்கும். அவர் தந்த சொற்பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராக உள்ள சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டியது. பட்டியலில் 7776 சொற்கள், அதாவது ஆறை ஐந்து முறை பெருக்கினால் வருவது. இப்படி ஆறு சொல் எடுத்தால் சாத்தியங்களின் எண்ணிக்கை 24 இலக்கத்துக்குப் போகிறது. பட்டியல் திருடனிடமும் இருக்கலாம், பரவாயில்லை. பகடை எப்படி விழுந்தது என்பது அவனுக்குத் தெரியாது.

பகடைக்குப் பதில் பிடித்த பாட்டு வரி ஒன்றை ஆங்கில எழுத்தில் அடித்துவிடலாமே என்று ஒரு சபலம் வந்தது. பாட்டு வரி, பழமொழி எல்லாம் பலர் வாயில் புழங்குபவை. அவற்றையும் தொகுத்து வைத்துக்கொண்டு முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். மனிதன் தானாகத் தேர்ந்தெடுக்கும் எதிலும் ஒரு வழக்கம் ஒளிந்திருக்கும். 2009இல் ராக்யூ நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் மறைக்குறியாக்கம்கூட இல்லாமல் வெளியே வந்தபோது அதிகம் பேர் வைத்திருந்தது எது தெரியுமா? 123456.

பகடை இரண்டு தடவை மேஜைக்கு அடியில் ஓடிவிட்டது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

காலையில் ஐந்தாவது சொல் மறந்துபோச்சு. அரை மணி நேரம் வியர்த்தது. அப்புறம் தானாக வந்தது. உடனே ஒரு தாளில் எழுதி, அத்தை மாதிரியே, துணிகளுக்கு அடியில்.

மார்ச் 11, புதன்

மெயிலுக்கு இரண்டாம் அடுக்குப் பூட்டு. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் ஓடிபி வருவது எனக்கு அல்ல, என் எண்ணுக்கு. செல்பேசி நிறுவனத்தை ஏமாற்றி, சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி, என் எண்ணை வேறொரு சிம்முக்கு ஒருவன் மாற்றிக்கொண்டால் ஓடிபி அவனுக்குப் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டார்சிக்கே செல்பேசி எண் இப்படிக் கைமாறி, அவர் கணக்கிலேயே யாரோ கண்டதையும் எழுதிவிட்டுப் போனார்கள். என் போனில் திடீரென்று சிக்னல் இல்லாமல் போய் நெடுநேரம் வராவிட்டால், டவர் பிரச்சினை என்று சும்மா இருக்கக் கூடாது.

ஆகவே ஆறு இலக்க எண் காட்டும் ஆப். இதை நிறுவனம் அனுப்புகிறது என்று நினைத்திருந்தேன். யாரும் எதையும் அனுப்புவதில்லை. முதலில் ஸ்கேன் செய்கிறோமே ஒரு கியூஆர் கோடு, அதற்குள் ஒரு ரகசியக் குறி இருக்கிறது. அது போனிலும் தங்கிவிடுகிறது, அந்தத் தளத்திலும் இருக்கிறது. அந்தக் குறியையும் அப்போதைய நேரத்தையும் வைத்து இரண்டு பக்கமும் ஒரே கணக்கைப் போடுகின்றன, 30 விநாடிக்கு ஒருமுறை. நம்பிக்கை வராமல் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பார்த்தேன். எண் மாறிக்கொண்டே இருந்தது. கணினியில் அடித்தேன், திறந்தது. சின்னப் பையன் மாதிரி மூன்று தடவை செய்தேன்.

போன் தொலைந்தால்? அதற்காகப் பத்து மீட்புக் குறியீடு தருகிறார்கள். தாளில் எழுதிக்கொண்டேன். துணிகளுக்கு அடியில் கூட்டம் சேர்கிறது.

இதில் எரிச்சல் என்னவென்றால், பழைய படங்கள் போடும் தளம்கூட இந்த வசதியைத் தருகிறது. என் வங்கி தருவதில்லை. எஸ்எம்எஸ் ஒன்றுதான். செல்பேசி நிறுவனத்தைக் கூப்பிட்டு, தனி ரகசிய எண் சொல்லாமல் என் செல்பேசி எண்ணை மாற்றக் கூடாது என்று ஒரு தடை போட்டு வைத்தேன். வேறு என்ன செய்ய?

மார்ச் 14, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் ஒரு குறுஞ்செய்தி. உங்கள் வங்கிக் கணக்கில் பாஸ்வேர்ட் சமீபத்தில் மாற்றப்பட்டுள்ளது, மாற்றியது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்தவும். நான் மாற்றியது உண்மைதானே! அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவே இல்லை. (தெரியாது. ஆயிரம் பேருக்கு அனுப்பினால் பத்துப் பேராவது சமீபத்தில் மாற்றியிருப்பார்கள்.) அழுத்தினேன். வங்கியின் பக்கம் வந்தது. அதே நிறம், அதே சின்னம், மோசடிக்காரர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்ற அதே சிவப்பு வரிகூட.

பாஸ்வேர்ட் மேனேஜரைத் தட்டினேன். இந்தத் தளத்துக்கு எதுவும் சேமிக்கப்படவில்லை என்றது. மறுபடி தட்டினேன். அதே பதில். எனக்கு வந்தது கோபம், சந்தேகம் இல்லை. இவ்வளவு பாடுபட்டு இதைப் போட்டால் வேலை செய்ய மாட்டேன் என்கிறதே என்று. உள்ளே போய் வங்கியின் பாஸ்வேர்டைக் காப்பி செய்துகொண்டு வந்துவிட்டேன். கட்டத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்திருந்தேன், ஒட்டவா என்று கேட்டது.

அப்போதுதான் மேலே முகவரியைப் பார்த்தேன். முதலில் என் வங்கியின் பெயர், ஒரு சின்னக் கோடு, பாதுகாப்பு என்று ஆங்கிலத்தில் ஒரு சொல், ஒரு புள்ளி, அதன்பிறகு நான் கேள்வியே படாத ஒரு பெயர். இணைய முகவரியில் தொடக்கத்தில் வரும் https:// என்பதை விட்டுவிட்டால், அடுத்த முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் நிற்கும் பெயர்தான் வீட்டுக்காரர். அதற்கும் முன்னால் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதி மாட்டலாம்.

நான் பார்த்தது நிறத்தையும் சின்னத்தையும். மேனேஜர் பார்த்தது முகவரியை மட்டும். அதற்கு அவசரமும் இல்லை, பயமும் இல்லை. முகவரி ஓர் எழுத்து மாறினாலும் வாயைத் திறக்காது. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் தளம் நல்ல தளம் என்று ஒரு காலத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இந்தப் போலிப் பக்கத்திலும் இணைப்பு பாதுகாப்பானது என்றுதான் இருந்தது. திருடனோடு நான் பேசுவதை மூன்றாவது ஆள் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். இந்தக் குழப்பத்தால்தான் குரோம் பிரவுசரே 2023இல் அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

ஓடிபி இருக்கிறதே, காப்பாற்றியிருக்காதா? காப்பாற்றியிருக்காது. போலிப் பக்கம் அதையும் கேட்கும். நான் அடித்த அடுத்த நொடி உண்மையான வங்கியில் அவர்கள் அடிப்பார்கள். ஆப் காட்டும் ஆறு இலக்கத்துக்கும் இதே கதிதான். இதற்குத் தப்புவது பாஸ்கீ. அதில் கேட்கும் தளத்தின் முகவரியைச் சாதனமே சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறது. ஏமாந்து தூக்கிக் கொடுக்க நம் கையில் சொல்லே இல்லை. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் இதற்கு ஆதரவு தருவதாக 2022இல் சேர்ந்து அறிவித்தன. மெயிலுக்கு இன்றே போட்டுவிட்டேன். வங்கி எப்போது தருமோ.

மார்ச் 15, ஞாயிறு

அத்தைக்கு நேற்றைய கதையைச் சொல்லலாம் என்று கூப்பிட்டால், அவரிடம் ஒரு கதை இருந்தது. வியாழக்கிழமை வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஒருவன் கூப்பிட்டானாம். கணக்கு முடங்கப் போகிறது, ஓர் ஆப்பை இறக்குங்கள், நாங்களே சரிசெய்து தருகிறோம் என்றானாம். போன் திரையை அவன் இருந்த இடத்திலிருந்தே பார்க்க வைக்கும் ஆப்பாகத்தான் இருக்கும்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பாஸ்வேர்ட் எல்லாம் நோட்டுல இருக்கு, கண்ணாடியைத் தேடி எடுத்துட்டு வரேன், லைன்ல இருங்கன்னேன். கண்ணாடி கிடைக்கல. வந்து பார்த்தா வெச்சுட்டான்.”

“அப்புறம்?”

“கார்டுக்குப் பின்னாடி இருக்கிற நம்பருக்கு நானே போட்டுக் கேட்டேன். நாங்க கூப்பிடவே இல்லைன்னுட்டாங்க.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

மார்ச் 18, புதன்

அலுவலகத்தில் 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் மாற்றும் சடங்கு இன்று. எல்லோரும் கடைசி எண்ணை ஒன்று கூட்டுகிறார்கள். பெரிய எழுத்து, எண், குறி, அடிக்கடி மாற்றம் என்ற பழக்கம் பரவக் காரணமாக இருந்தது பில் பர் என்ற அமெரிக்க அரசு ஊழியர் 2003இல் எழுதிய வழிகாட்டி. 2017இல் அவரே அதற்கு வருத்தப்பட்டார். அதே ஆண்டு அந்த வழிகாட்டியைத் திருத்தி, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். எங்கள் அலுவலகத்துக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

143இல் 88 கணக்கை மூடிவிட்டேன். 53இல் புதுப் பாஸ்வேர்ட், எல்லாம் மேனேஜர் உருவாக்கியது, ஒன்றுகூட எனக்குத் தெரியாது. மிச்சம் இரண்டு. ஒன்றில் கணக்கை மூட வழியே இல்லை, எழுதிக் கேட்டால் பதிலும் இல்லை. அதில் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் பொய்யாக மாற்றிவிட்டு வந்தேன்.

இன்னொன்று அந்தப் படங்கள் இருந்த கணக்கு. நாற்பது படத்தையும் இறக்கிக்கொண்டேன். ஆறில் பூனை இருக்கிறது, ஒன்றில் கீபோர்டின் மேல் படுத்துக்கொண்டு. மூடுவதற்கு முன் பாஸ்வேர்டை இன்னொரு முறை கேட்டார்கள். மேனேஜரைத் தட்டும் முன்பே விரல்கள் பழைய சொல்லை அடித்து முடித்திருந்தன. பாஸ்வேர்ட் தவறு என்று வந்தது.