புது ரிவி வாங்கிய பிறகுதான் வேலை தொடங்கியது

எங்கள் கல்லடி வீட்டில் பல வருடமாக இருந்தது 32 இன்ச் ரிவி. செய்திக்கும் நாடகத்துக்கும் அது தாராளம். படம் பார்க்கத்தான் சரிவரவில்லை. இரவுக் காட்சி வந்தால் இருட்டெல்லாம் சாம்பலாகிவிடும். யார் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. வேற்றுமொழிப் படங்களில் சப்டைட்டிலின் கீழ்வரி பாதி வெட்டுப்பட்டுப் போகும். ஒரு நிழலை விழுத்த ஒளிப்பதிவாளர் எவ்வளவு பாடுபட்டிருப்பார்! அதைக் காணாமல் கதையை மட்டும் தெரிந்துகொள்வதில் எனக்கு மனம் ஆறவில்லை.

கடைக்குப் போக முதல் ஹோலை அளந்தேன். கதிரையில் இருந்து சுவருக்கு ஏழரை அடி. அந்தத் தூரத்தில் 55 இன்ச் திரை நம் பார்வையில் ஏறக்குறைய 30 பாகை அகலத்தை நிரப்பும். படம் பார்க்க அது நல்ல அளவு. "இன்னும் கொஞ்சம் போட்டு 65 எடுங்களன் தம்பி" என்றார் ரவுண் கடைக்காரர். கையில் இருந்த காசுக்கு, அளவைக் கூட்டுவதை விட கறுப்பு நிறம் கறுப்பாகத் தெரியும் பனலை (திரைத் தகட்டை) எடுப்பதே மேல் என்று நினைத்தேன். ஒரு இரவுக் காட்சியைப் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ரிவியில் அதைப் போடச் சொல்லி, கடை லைட்டையும் கொஞ்சம் அணைக்கச் சொன்னேன். ஒன்றில் மரத்தடியில் நிற்பவரின் சட்டை மடிப்புக்கூடத் தெரிந்தது. மற்றதில் மரம், மனிதர், வானம் எல்லாமே ஒரே சாம்பல். எல்சிடி ரிவியில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகைப் பனல் உண்டு. இருட்டுக்கு விஏ நல்லது. ஆனால் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளிறும். எங்கள் கதிரைகள் நேரே இருப்பதால் விஏ எடுத்தேன்.

பிறகுதான் டிஷ் பிரச்சினை. பொருத்த வந்த பொடியன் பழைய பெட்டியையே மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரில் கொழுவிவிட்டுப் புறப்படப் பார்த்தார். அந்த மஞ்சள் வயரில் 576 வரிக்கு மேல் படம் வராது. 3840க்கு 2160 புள்ளி உள்ள 4கே திரையில் அதை விரித்தால் முகமெல்லாம் கலங்கித்தான் தெரியும். எச்டி பெட்டியும் எச்டிஎம்ஐ வயரும் கேட்டு, பல தடவை போன் எடுத்து, ஒருவழியாக வந்து சேர்ந்தது. அப்போதும் பெட்டியின் மெனுவில் 1080 வரி என்று நாங்களேதான் மாற்றினோம். கடல் கூப்பிடு தூரம் என்பதால் கூரையில் டிஷ் வயர் முனையெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, தண்ணீர் போகாத ஒட்டுநாடா சுற்றியதும் சிக்னல் கூடியது. கடலோரத்தில் இருப்பவர்கள் பெட்டியைக் குறை சொல்ல முதல் இதை ஒருக்கால் பாருங்கள்.

அதைவிட முக்கியம் ரிவியின் உள் செற்றிங். கடையில் கண்ணைப் பறிக்க வைத்திருக்கும் 'விவிட்' மோட் அப்படியே வீட்டுக்கும் வரும். படம் எடுக்கப்படுவது வினாடிக்கு 24 பிரேமில், அதாவது 24 தனிப்படமாக. ரிவி இடையில் தானாகப் பிரேம்களைச் செய்து சேர்த்தால், சினிமா மெகாசீரியல் போல வழுக்கிக்கொண்டு ஓடும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று அதற்குப் பல பெயர். முதல் வேலையாக அதை நிறுத்திவிடுங்கள். 'ஃபில்ம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டாலே போதும். இந்த வேலை எல்லாம் அதுவே செய்துவிடும். இல்லாவிட்டால் 'சினிமா' அல்லது 'மூவி'. முதல் நாள் நிறம் மஞ்சளாகத் தெரியும், கண் பழகிவிடும். பழைய ரிவியில் சப்டைட்டிலை வெட்டியது ஓவர்ஸ்கான். படத்தைச் சிறிது பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடும் அந்தப் பழக்கத்தை, படத்தின் அளவை மாற்றும் மெனுவில் நிறுத்தலாம்.

எல்லாம் சரிசெய்து அகலத்திரைப் படம் ஒன்று போட்டேன். "என்ன மனே, மேலயும் கீழயும் கறுப்பாக் கிடக்கு, பழுதோ?" என்று பெரியம்மா கேட்டார். 2.39க்கு 1 என்ற அகலத்தில் எடுத்த படத்தை 16:9 திரையில் முழுதாகக் காட்டினால் 55 இன்ச்சில் மேலே ஒன்பது சென்ரிமீற்றர், கீழே அதேயளவு கறுப்பு வரத்தான் செய்யும். ஸூம் போட்டு நிரப்பிக் காட்டினேன். ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் திரையில் இருந்தே காணாமல் போனார். "ஐயோ, பழையபடி விடு" என்றார் பெரியம்மா. அதன் பிறகு அந்தக் கறுப்பைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை.

இணையத்தில் 4கே பார்க்க குறைந்தது 15 எம்பிபிஎஸ் வேகமாவது விடாமல் வர வேண்டும். வைஃபை சுவர் தாண்டித் திணறியதால் ரவுட்டரில் இருந்து நேரே வயர் இழுத்தேன். மழைக் காலத்தில் டிஷ் சிக்னல் அடிக்கடி அறுந்துவிடும், அப்போது இதுதான் கைகொடுக்கும். இடி முழங்கத் தொடங்கினால் மட்டும் கறண்ட் பிளக், டிஷ் வயர், ரவுட்டர் வயர் மூன்றையும் கழற்றிவிடுவேன். பாதிப் படத்தில் என்றாலும் சரி.