லைனிங் வரல

ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வருபவரின் முகத்தைப் பார்க்கும் முன் கையிலிருக்கும் துண்டுச்சீட்டைப் பார்ப்பது, கருத்தரிப்பு மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். சீட்டில் பேனாவால் ஓர் எண் எழுதியிருக்கும். 8.4 என்றால் நடையே வேறு மாதிரி இருக்கும். 5.9 என்றால் சீட்டு நாலாக மடிந்து கைப்பைக்குள் போயிருக்கும். கருப்பையின் உள்சவ்வு, எங்கள் பேச்சில் லைனிங், எத்தனை மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்பதுதான் அந்த எண். எங்கள் மையத்தில் ஏழைத் தொட்டால்தான் கருவை வைப்பார்கள்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஓர் அக்காவுக்கு மூன்று முறை கேன்சல் ஆயிற்று. 5.8, 6.1, 5.9. மூன்று கருக்கள் உறைநிலையில் காத்துக் கிடந்தன; வைக்க இடம்தான் தயாராகவில்லை. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைக் கூட்டியாயிற்று, ஆஸ்பிரின் கொடுத்தாயிற்று, ரத்த ஓட்டத்தைக் கூட்டும் சில்டெனாஃபிலும் பார்த்தாயிற்று. மூன்றாவது தடவை மடித்த சீட்டோடு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர் செல்போனை நீட்டினார். யாரோ ஒரு டாக்டர் பேசும் வீடியோ.

"லைனிங் வரவே மாட்டேங்குது சிஸ்டர். ஸ்டெம் செல் போட்டா வந்துருமாமே, இங்கன அது உண்டா?"

ஸ்டெம் செல் என்றால் வேறு செல்களாக வளரக்கூடிய மூலச்செல். எங்களிடம் இருந்தது அது இல்லை, பி.ஆர்.பி., நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுக்கும் தட்டணு நீர். ஆனால் அதற்கான விலை அட்டையில் மையம் அச்சடித்திருந்த தலைப்பு வேறு. 'ஸ்டெம் செல் மறுவளர்ச்சி பேக்கேஜ்' என்று பளபளப்பான தாளில் போட்டிருந்தார்கள். எந்த மையம் என்பது இங்கே வேண்டாம். நான் அட்டையைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன், "அந்த மாதிரிதான்க்கா" என்றேன்.

இரண்டே வார்த்தை. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த முறை வந்தபோது கையில் வளையல் இல்லை.

பி.ஆர்.பி. எப்படிச் செய்கிறார்கள் என்பதை அன்று அவரும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். முழங்கை மடிப்பிலிருந்து இருபது மில்லி ரத்தம் எடுத்து, ரத்தம் உறையாத மருந்து கலந்த குழாயில் விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றவிடுவார்கள். நின்றதும் எடுத்தால், வைத்த ரசம் தெளிந்து நிற்கிற மாதிரி மேலே இளமஞ்சளாக ஒரு நீர், அடியில் சிவப்பு அணுக்கள். மேல்நீரை மட்டும் உறிஞ்சி இன்னொரு சுற்று. கடைசியில் மிஞ்சுகிற ஒரு மில்லிக்கும் குறைவான திரவத்தை மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் விடுவார்கள். அதில் இருப்பவை தட்டணுக்கள், அவை சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள். ஸ்டெம் செல் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

"இம்புட்டுத்தானா?" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அந்தச் சுழற்சியில் சவ்வு 6.4 வரை வந்து நின்றுவிட்டது.

நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். வெட்கப்பட வேண்டிய விஷயம், ஆனால் அதுதான் உண்மை. சவ்வில் இரண்டு அடுக்கு என்பது நர்சிங்கில் படித்ததுதான். மேல் அடுக்கு மாதாமாதம் உதிரும். அடி அடுக்கு விதைநெல் மாதிரி தங்கி, மறுபடி முளைக்கவைக்கும். அந்த அடி அடுக்கு சுரண்டப்பட்டாலோ, நோயில் கருகினாலோ, அந்த இடத்தில் வெறும் தழும்பு. சுவரும் சுவரும் ஒட்டிக்கொள்ளும். 1948ல் இதை விரிவாக எழுதிய ஜோசப் ஆஷர்மன் பெயரில்தான் இன்றும் அழைக்கிறார்கள். நம் நாட்டில் காசநோயும் சத்தமில்லாமல் இதைச் செய்துவிட்டுப் போகிறது.

விதைநெல்லே போய்விட்டால் வெளியிலிருந்து கொண்டுவரலாமே என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் ஹியூ டெய்லர் 2004ல் நான்கு பெண்களின் கருப்பைச் சவ்வை ஆராய்ந்தார். நால்வரும் வேறொருவரிடமிருந்து, ஸ்டெம் செல்கள் இருக்கும் எலும்பு மஜ்ஜையை மாற்றிக்கொண்டவர்கள். அவர்களுடைய சவ்வில் தானம் கொடுத்தவரின் செல்கள் இருந்தன. ரத்தப் புற்றுக்காக ஏற்றிய மஜ்ஜை, யாரும் அனுப்பாமல் கருப்பை வரை போய்க் குடியேறியிருக்கிறது.

அப்புறம் நம் ஊர்க்காரர்கள். 2011ல் அகமதாபாத் மருத்துவர்கள், கடுமையான ஆஷர்மன் பாதிப்புள்ள ஒரு பெண்ணுக்கு அவருடைய மஜ்ஜைச் செல்களையே கருப்பைக்குள் வைத்து, சவ்வு வளர்ந்து, ஐ.வி.எஃப். மூலம் கருத்தரித்ததாக எழுதினார்கள். 2014ல் டெல்லி எய்ம்ஸில் ஆறு பேருக்குச் செய்ததில் ஐந்து பேருக்கு மாதவிடாய் திரும்பியது. எங்கள் லேபில் கருக்களை வளர்த்துக் கவனித்துவந்த மூத்த எம்பிரியாலஜிஸ்ட் இதற்கெல்லாம் சட்டென்று மயங்கமாட்டார். "பீரியட்ஸ் வந்தா பாப்பா வந்த மாதிரியாம்மா?" என்று கேட்டுவிட்டு, அவர் முன்பு வேலை பார்த்த மஜ்ஜை லேபைப் பற்றிச் சொன்னார். இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் தடித்த ஊசியை முறுக்கி முறுக்கி இறக்குவார்களாம். எலும்புக்குள் புகுந்ததும் தடை விட்டுப்போவது கையிலேயே தெரியுமாம்.

2016ல் ஸ்பெயினின் வலென்சியா குழு வேறு வழியில் போனது. ஊசி போட்டு ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைத்து, பிரித்தெடுத்து, ரத்தக்குழாய் வழியாகக் கருப்பையின் நுண்தமனிகளில் விட்டார்கள். 16 பேர் சிகிச்சையை முடித்தார்கள். சிலர் கருவுற்றார்கள், குழந்தையும் பிறந்தது. ஆஷர்மன் பாதிப்புள்ளவர்களுக்குச் சராசரி 4.3 மில்லிமீட்டரிலிருந்து 6.7க்கு வந்தது. அந்த 6.7ஐ நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மேசையில் அதுவும் கேன்சல்தான். சில மாதங்களில் மாதவிடாய் நாட்கள் மறுபடி குறையத் தொடங்கியதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் கிடையாது. வைத்த செல்லே சவ்வாக மாறுகிறதா, பக்கத்துச் செல்லைத் தட்டி எழுப்பிவிட்டுப் போகிறதா என்பதே வாதத்தில் இருக்கிறது. நல்ல ஆராய்ச்சிதான். விலை அட்டையில் போடுகிற சரக்கு இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே நோயாளிக்குச் செலுத்தக் கூடாது. இத்தனை ஆண்டாக எங்கள் அலமாரியிலேயே அதன் பிரதி இருந்திருக்கிறது.

அக்கா எப்போது வந்தாலும் ஒரு மஞ்சள் பை கொண்டுவருவார். பழைய ரிப்போர்ட் எல்லாம் அதில். எங்கள் கோப்பு தனியாக இருந்ததால் யாரும் அதைத் திறந்ததில்லை. பி.ஆர்.பி.க்குப் பிறகு வந்த நாளில் நான் கேட்டு வாங்கினேன். அடியில், மடிப்பில் கிழிந்துபோன ஒரு டிஸ்சார்ஜ் தாள். ஐந்து ஆண்டுக்கு முன் பத்து வாரக் கரு கலைந்திருக்கிறது. ஒருமுறை சுத்தம் செய்து, மிச்சம் இருக்கிறது என்று மூன்றே வாரத்தில் மறுபடி சுரண்டியிருக்கிறார்கள்.

"அதுக்கு முன்னாடி மாசாமாசம் எத்தனை நாள்க்கா இருக்கும்?"

"அஞ்சு நாள் இருக்கும். இப்ப ஒண்ணு, ஒண்ணரை நாள். நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். இதைப் போய் யார் கேட்டா?"

நான் சொல்ல வேண்டியதை அப்போதே சொன்னேன். அன்றைக்குப் போட்டது ஸ்டெம் செல் இல்லை, உங்கள் ரத்தத்திலிருந்து எடுத்த தட்டணு நீர், 'அந்த மாதிரி'யும் இல்லை என்று. அவர் கத்துவார் என்று நினைத்தேன். மஞ்சள் பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அப்ப ஏன் சிஸ்டர் அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அட்டையைக் கைகாட்டலாம், மேலிடத்தைக் கைகாட்டலாம். வாயைத் திறந்தது நான்தான்.

டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்த டாக்டர், கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பி போட்டார். வலது மூலையில் சுவர்கள் ஒட்டியிருந்தன. கத்தரித்துவிட்டு, மறுபடி ஒட்டாமலிருக்கச் சின்ன பலூன் ஒன்றைச் சில நாள் உள்ளே வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து 6.6. இரத்தப்போக்கு மூன்று நாளானது. கரு வைக்கலாமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. அக்காதான் "கொஞ்சம் பொறுப்போம்" என்றார். கையில் காசும் இல்லை.

அந்த அட்டையிலிருந்து தலைப்பை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். எடுத்தார்கள். ஆறு மாதத்தில் புது டிசைனில் திரும்ப வந்தது. நானும் அந்த வேலையை விட்டு வேறு இடம் வந்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் அக்கா வந்திருந்தார், கரு சேமிப்புக் கட்டணம் கட்ட. கையெழுத்துப் போடும் முன் கேட்டார்: "எத்தனை வருசம் வச்சிருக்கலாம்?"

"சட்டப்படி பத்து வருசம்க்கா."

விரல் விட்டு எண்ணினார். "மூணு போச்சு. மூணும் அங்கனயேதான இருக்கு?"

"இருக்குக்கா. மைனஸ் 196 டிகிரியில."

"அம்புட்டுக் குளிர்லயா?" என்று சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, ரசீதை மஞ்சள் பைக்குள் வைத்தார். மேலாக.