அரிவரியில் ஒரு தபாற்கந்தோர்

பேத்தியின் வகுப்பில் பிள்ளைகள் தபால் விளையாடுவதை இங்கே ரொறன்ரோவில் பார்த்த அன்று, எங்கள் அரிவரி (தொடக்க வகுப்பு) ரீச்சரை நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

1974 இல், யாழ்ப்பாணத்தில், எங்கள் வகுப்பு மூலையில் ஒரு தபாற்கந்தோர் இருந்தது. பிஸ்கற் ரின்னுக்குச் சிவப்புக் கடதாசி ஒட்டி, மூடியில் ஒரு வெட்டு வெட்டினால் தபாற்பெட்டி. முத்திரைக்கு, நூல் கோக்காத தையல் மெசினில் கொப்பித் தாளை ஓட்டிக் கொண்டுவருவார். ஊசித் துளை வழியே கிழித்தால் உண்மை முத்திரை போலவே பல்லுப் பல்லாக வரும். படம் நாங்கள் கீற வேண்டும். ஒட்டுவதற்கு வேப்பம்பிசின்.

சீல் குத்தத்தான் எல்லாருக்கும் ஆசை. குறுக்கே வெட்டிய வெண்டிக்காயை, உடுப்புக்குப் போடும் நீலத்தில் தோய்த்து ஓங்கிக் குத்துவோம். ஐந்து இதழ்ப் பூவொன்று விழும். ஏன் குத்துகிறோம் என்று ரீச்சர் கேட்டார். வடிவுக்கு என்றேன். "ஒருக்காப் பாவிச்ச முத்திரையைத் திரும்பப் பாவிக்கக் கூடாதெல்லோ, அதுக்குத்தான் ராசா."

வாங்கு வரிசைகள் கஸ்தூரியார் வீதி, ஆஸ்பத்திரி வீதி, நாவலர் வீதி. பாதிப் பேருக்கு எழுத்து வராது என்பதால் விலாசம் படமாக இருக்கும்: மாங்காய் வீடு, ஆட்டுக்குட்டி வீடு. தபாற்காரரின் தோளில் பனையோலை உமல். என் முறை வந்த நாளில் ஆட்டுக்குட்டி வீட்டுக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். ரீச்சர் அடிக்கவில்லை, உமலைக் கழற்றி வாங்கினார். "ஆருக்கு வந்ததோ, அவர்தான் பிரிக்கலாம்." மறுநாள் அதே உமலை என் தோளிலேயே மாட்டிவிட்டார்.

பிறகொரு நாள், கொழும்பில் வேலை பார்த்த அப்பாவுக்கு ஒருத்தி கடிதம் போட்டாள். கொழும்பு எங்கள் வரிசைகளில் இல்லையே! ரீச்சர் அதை நல்ல உறையில் வைத்து, காசு கொடுத்து வாங்கிய முத்திரை ஒட்டி, எங்களைச் சோடி சோடியாகச் சந்தித் தபாற்பெட்டிக்கு நடத்திப்போனார். இரவு மெயில் ரயிலில் போகும் என்றார். (1990 இல் நின்ற ரயில் 2014 இல்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது. இடையில் நான் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் மாதக்கணக்கில் அலைந்தன.)

பதில் பள்ளிக்கே வந்தது. காக்கி உடுப்புத் தபாற்காரர் சைக்கிளை வேம்பில் சாத்திவிட்டு, வாசலில் நின்று அவள் பெயரைக் கூப்பிட்டார். எழும்பிப் போய் இரண்டு கையாலும் வாங்கினாள். உறையை மட்டும் எங்களிடம் தந்தாள். முத்திரையில் தமிழில் இருந்த 'இலங்கை'யை எழுத்துக்கூட்டி வாசித்தோம். சீலின் வட்டத்தை விரலால் தடவினோம். கடிதத்தை அவள் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். வாசித்துக் காட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.