சாவி அப்பாவிடம் இருக்கிறது

கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டின் சாவிக்கொத்து முப்பது வருடமாக என் அப்பாவிடம் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும், முன்னோர்களைக் கும்பிடும் படைப்புக்கும் வருவார்கள். மற்ற நாட்களில் கதவு திறப்பது, பெருக்குவது, விளக்கேற்றுவது எல்லாம் அப்பாதான். பண்பாட்டு மரபு மேலாண்மையில் முதுகலை படிக்கிறேன். களப்பணிக்கு ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வீட்டுக்கார ஆச்சியிடம் போனில் அனுமதி கேட்டேன். "உன் அப்பன் பார்க்கிற வீடுதானே, தாராளமாக எழுதிக்கொள்" என்றார்கள்.

முகப்பு, நடு முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொன்றாக அளந்து வரைந்தேன். அளப்பது எளிது. எங்கே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பதிவதுதான் கடினம். இந்தச் சுவர்ப் பூச்சு சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் கலந்து தேய்த்தது; இன்றும் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். பழுதைக் கண்டுபிடிக்கச் சுவரைத் தட்டிக் கேட்க வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தேன். ரப்பர் சுத்தியலோடு போய் நின்றேன். அப்பா விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டினார். மூன்று இடத்தில் கல்லைத் தட்டியதுபோல் கெட்டியான ஒலி. நாலாவது, காலிப் பானை. "இது பொருமியிருக்கிறது ஆத்தா, உள்ளே விட்டுப்போச்சு" என்றார். கீழே பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் ஒட்டுப்போட்டிருந்தது, பத்து வருடத்துக்கு முன் யாரோ ஒரு கொத்தனார் செய்தது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுகிறது. ஈரம் வழி தேடி மேலே ஏறி, உப்புப் பூத்து, நல்ல பூச்சையும் உதிர்த்துவிடுகிறது. அந்த ஒட்டைப் போடும்போதே வேண்டாமென்று அப்பா சொல்லியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. அன்று முழுக்க எனக்கு மனம் ஆறவில்லை.

எங்கள் பாடத்தில் பர்ரா சாசனத்துக்குப் பெரிய இடம் உண்டு; மரபுச் சின்னங்களை எப்படிப் பாதுகாப்பது என்று சொல்லும் வழிகாட்டி அது. ஆஸ்திரேலியாவில் 1979இல் உருவானது. தேவைப்படும் அளவுக்குச் செய், முடிந்தவரை குறைவாக மாற்று என்பது அதன் சாரம். அதைத் தேர்வுக்கு எழுதியபோது என் கண் முன்னால் வந்தது ஓட்டுக் கூரைதான். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன் அப்பா கூரையேறி ஓடு மாற்றுவார். உடைந்ததை மட்டும் எடுப்பார். பாசி படிந்தாலும் ஒலி நன்றாக இருந்தால் அந்த ஓட்டைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுவார். கழிக்கிற ஓட்டையும் எறிய மாட்டார்; பின்கட்டில் அடுக்கி வைத்திருக்கிறார், பாதி ஓடு தேவைப்படும் மூலைக்கு என்று.

செட்டிநாட்டு ஊர்கள் உலக மரபுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது 2014இல். பெருமைதான். ஆனால் எனக்குக் கொடுத்த ஆவணப் படிவத்தில் உரிமையாளர், கட்டிய காலம், பொருள், நிலை என்று கட்டங்கள் இருக்கின்றன. பராமரிப்பவர் என்று ஒரு கட்டம் இல்லை. உரிமையாளர் கட்டமே போதவில்லை என்பது வேறு. பர்மா தேக்குத் தூண் நிற்கிற இந்த வீட்டில் பங்காளிகள் எத்தனை புள்ளி, அதாவது எத்தனை குடும்பம், என்று எண்ணி எழுத எனக்கு ஒரு நாள் ஆனது. ஒரு கதவைச் சரிசெய்யவும் அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். ஒப்பவில்லையென்றால் வீடு பூட்டியே கிடக்கும். பூட்டிக் கிடந்தால் கரையான். பிறகு தூணும் கதவு நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேரும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் நூறு வருடம் ஆகியிருந்தால் தொல்பொருள்தான். சட்டம் அந்தப் பொருளைப் பார்க்கிறது. அது நின்ற இடத்தில் தினமும் எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்தவரை யார் பார்ப்பது?

அதனால் என் மேலாண்மைத் திட்டத்தில் முதல் பக்கத்திலேயே அப்பாவின் வருட வேலைகளை மாதவாரியாக எழுதியிருக்கிறேன். அவருக்கு மாதச் சம்பளம், கூடவே தொழில் பழக ஒரு இளைஞனுக்கும் சம்பளம் என்று செலவுக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். வழிகாட்டி ஆசிரியை, இதை அளவீட்டோடு நிறுவ வேண்டும் என்றார். சரியான பேச்சு. வருகிற புரட்டாசியில் அப்பாவோடு நானும் கூரை ஏறுகிறேன், எந்த ஓட்டை எடுக்கிறார், எதை விடுகிறார் என்று ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ள.