நிதி ஆதரவுக்கு அலைந்த கதை: வருமானச் சான்றில் கவனம்

என் வகுப்பு மாணவி ஒருத்திக்கு குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு, மாதம் 4,000 ரூபாய், ஒருவழியாக வந்துவிட்டது. அப்பா இல்லை, அம்மா விட்டுப்போய்விட்டார், பாட்டிதான் வளர்க்கிறார். மில்லுக்கு அனுப்பிவிடலாம் என்று உறவினர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். இப்போது அந்தப் பேச்சு நின்றிருக்கிறது.

ஆதார், படிப்புச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்று எல்லாம் சுலபமாகக் கிடைத்தன. மாட்டிக்கொண்டது வருமானச் சான்றில். இ-சேவையில் பதிந்து வாங்கினால் ஆண்டு வருமானம் 96,000 என்று வந்தது. கிராமத்துக்கு வரம்பு 72,000தான், 96,000 நகர்ப்புறத்துக்கு. "ஏறினது ஏறினதுதான் டீச்சர், புதுசா போடுங்க" என்றார் அலுவலர். இந்தமுறை ஒரு வெள்ளைத்தாளில் கணக்கெழுதிக் கொண்டுபோனேன். அப்போதைய நிலவரப்படி, நூறு நாள் வேலை முழுசாகக் கிடைத்தாலும் 336 ரூபாய் வீதம் 33,600, முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 வீதம் 14,400, ஆக மொத்தம் 48,000. அதைப் பார்த்தபிறகு மறுபேச்சு இல்லை. பதியும் முன்பே விஏஓவிடம் இப்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து ஆட்சியர் அலுவலகம். "இது சமூக நலத்துறைம்மா, அங்க போங்க" என்று பாட்டியைத் திருப்பிவிட்டார்கள். அங்கே போனால், இங்கே இல்லை என்றார்கள். வெயிலில் எழுபது வயதுப் பெண்ணை இப்படி நடக்கவிடலாமா? இந்த மனுவை வாங்க வேண்டிய இடம் 'மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு'; அந்த முழுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் வாங்க மறுத்தால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்துப் பதிவு எண் வாங்கிவிடுங்கள். எங்கள் மனு அதற்கப்புறம்தான் நகர்ந்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டுபிடிக்க வேண்டியது கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு. எங்கள் ஊரில் 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்ததோடு குழுவின் கூட்டமும் நின்றுபோனது. நல்லவேளையாக அங்கன்வாடி டீச்சரும் கிராம செவிலியரும் இருந்தார்கள். வீட்டாய்வுக்கு அலகிலிருந்து வந்த பெண், பாட்டியிடம் திண்ணையில் பேசிவிட்டு, பிள்ளையைத் தனியே கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் நெடுநேரம் பேசினார். யார் யார் மில் வேலையைப் பற்றிப் பேசினார்கள் என்பதை அவரிடம்தான் அவள் முதலில் சொன்னாள். அந்த அக்கறைக்கு நன்றி.

வங்கிக் கணக்கைப் பிள்ளையும் பாட்டியும் சேர்ந்த கூட்டுக் கணக்காகவே தொடங்குங்கள். பள்ளிக்கு ஒழுங்காக வராவிட்டால் உதவி நிறுத்தப்படலாம். அதனால், திருவிழாவுக்கு ஊருக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போகும்படி பாட்டியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.