பிளஸ் டூ மார்க் குறைந்தால் முதலில் விடைத்தாள் நகல் வாங்குங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று யாராவது போன் செய்து ‘மார்க் குறைஞ்சிருச்சு, ரீவேல்யூவேஷன் போடலாமா’ என்று கேட்டால், முதலில் விடைத்தாள் நகலுக்குப் பணத்தைக் கட்டுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன். 2024-இல் என் தங்கைக்காக இந்த வேலையை முழுசாகச் செய்து பார்த்த பிறகு வந்த முடிவு இது.

அந்த வருடம் மே 6 காலை ஒன்பதரைக்கு ரிசல்ட். மாநிலத்தில் 94.56 சதவீதம் தேர்ச்சி, திருப்பூர் மாவட்டம் முதலிடம் என்றெல்லாம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் பாஸாகும்போது எங்கள் வீட்டில் பாஸைப் பற்றி யார் பேசப்போகிறார்கள், பேச்செல்லாம் கட்-ஆஃப்தான். கணிதம் 97, வேதியியல் 94, இயற்பியல் 81. பொறியியல் கலந்தாய்வில் கணித மார்க் அப்படியே சேரும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைந்து சேரும், ஆக 200-க்கு 184.5. “பிசிக்ஸ்ல தொண்ணூறுக்குக் கீழ வராதுண்ணே, எங்கயோ விட்டுட்டாங்க” என்று அவள் ஒரே பிடிவாதம். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ரிசல்ட் அன்று இதைச் சொல்லாத பிள்ளை உண்டா?

நான் எழுதியது 1200 மார்க் காலம், ஒரு பாடத்துக்கு 200. அப்போது இயற்பியலில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் கால்தான் குறையும். 600 மார்க் முறை வந்த பிறகு அதே ஒரு மார்க் அரைப் புள்ளியைத் தின்றுவிடுகிறது. அதுவும் இயற்பியலில் 100-இல் 20 செய்முறைக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு, இரண்டும் பள்ளியிலேயே பெரும்பாலும் முழுசாக வந்துவிடும். அப்படியானால் 81 என்பது எழுத்துத் தேர்வில் 70-க்கு 51. இப்படிப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எனக்கும் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

பள்ளியில் படித்து எழுதியவர்கள் அந்தப் பள்ளி வழியாகவும், தனித்தேர்வர்கள் எழுதிய தேர்வு மையம் வழியாகவும்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் சில நாள்தான் அவகாசம். நாங்கள் போனபோது அலுவலகத்தில் இருந்தவர், “எதுக்கு 275 கட்டி நகல் வாங்குறீங்க, 205 கட்டி ரீடோட்டலிங் போட்டுருங்க, ஈசி” என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் அதைக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த வருடம் இந்தக் கட்டத்தில் ஒரு பாடத்துக்கு நகல் அல்லது மறுகூட்டல் (ரீடோட்டலிங், அதாவது போட்ட மார்க்கைத் திரும்பக் கூட்டி, திருத்தாமல் விட்டது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது), இரண்டில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்க முடிந்தது. நகல் வாங்கியவர்கள் மட்டுமே பிறகு மறுமதிப்பீட்டுக்கு (ரீவேல்யூவேஷன், விடைகளைத் திரும்பத் திருத்துவது) போகலாம். முதலிலேயே மறுகூட்டல் போட்டிருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். என் தங்கையின் தோழி ஒருத்தி உயிரியலுக்கு அப்படித்தான் 305 ரூபாய் கட்டி (உயிரியலுக்கு மட்டும் மறுகூட்டல் கட்டணம் கூடுதல்) ‘மாற்றம் இல்லை’ என்பதோடு நின்றுவிட்டாள், தாளில் என்ன இருந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

நாங்கள் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நகல் கேட்டோம். ஆறு பாடத்துக்கும் வாங்கிவிடலாம் என்று அப்பா கிளம்பினார், கட்-ஆஃபுக்கு உதவாத பாடத்துக்கு எதற்கு என்று நிறுத்திவைத்தேன். பணம் கட்டியதும் ஒப்புகைச் சீட்டு ஒன்று தருவார்கள், அதைத் தொலைக்காதீர்கள்.

நகல் இணையத்தில் வந்தது. அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தளத்திலிருந்து இறக்கி, கடையில் பிரின்ட் போட்டு, அதே தளத்தில் வெளியாகியிருந்த விடைக்குறிப்பையும் எடுத்துக்கொண்டு அவளுக்கு டியூஷன் எடுத்த சாரிடம் போனோம். நீங்களே வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்காதீர்கள். பெற்றவர்கள் பார்த்தால் எல்லா விடைக்கும் முழு மார்க் போடுவார்கள், பிள்ளைகளோ ‘இதைத்தான் எழுத நினைச்சேன்’ என்று தாளில் இல்லாததையும் சேர்த்துப் படிப்பார்கள். பொதுத்தேர்வுத் தாள் திருத்திப் பழகிய ஆசிரியர் கண்ணுக்கு மட்டும்தான் தாளில் உள்ளது உள்ளபடி தெரியும்.

வேதியியலை முதலில் பிரித்தார். ஒரு மார்க் கேள்விகளில் இரண்டு போயிருந்தன. ஒன்று உண்மையிலேயே தப்பு. இன்னொன்றில் விடையைச் சரியாக எழுதிவிட்டு, முன்னால் ‘இ’ போட வேண்டிய இடத்தில் ‘ஆ’ போட்டிருந்தாள். குறியீடும் விடையும் இரண்டும் சரியாக இருக்க வேண்டும், ஒன்று தப்பானாலும் பூஜ்யம், இது விடைக்குறிப்பிலேயே இருக்கிறது. மீதி நான்கும் அங்கங்கே நியாயமாகக் குறைத்ததுதான். “இதுக்குப் பைசா செலவு பண்ணாதீங்க” என்று சார் மூடி வைத்துவிட்டார். அவளும் அதற்குப் பிறகு வேதியியலைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த 275 ரூபாய் எனக்கு வீணாகத் தோன்றவில்லை, ஒரு மாதப் புலம்பல் மிச்சம்.

இயற்பியல் தாளில்தான் விஷயம் இருந்தது. ஒரு ஐந்து மார்க் கேள்விக்குப் படமும் தருவித்தலின் பாதியும் ஒரு பக்கத்தில், இடம் போதாமல் மீதி மூன்று பக்கம் தள்ளி. மேலே ‘தொடர்ச்சி’ என்று கேள்வி எண்ணோடு எழுதியும் இருக்கிறாள். முதல் பகுதிக்கு 2 மார்க் போட்டிருந்தது, தள்ளி எழுதிய பகுதியில் சிவப்பு மை பட்ட அடையாளமே இல்லை. இன்னொரு மூன்று மார்க் கணக்கில் விடை சரி, ஆனால் புத்தகத்தில் இல்லாத வழியில் போட்டிருந்ததால் 1 மட்டும். வேறு சில இடங்களில் அலகு எழுதாமல் அரை அரையாகப் போனது அவள் கணக்கு, அதில் கேட்க ஒன்றுமில்லை. இத்தனை தாள்களை வரிசையாகத் திருத்துகிறவர் ஒரு தொடர்ச்சியைத் தவற விடுவது நடக்கக்கூடியதுதான், அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

திருத்தாமல் விட்ட பகுதி மட்டும் என்றால் நகலுக்குப் பிறகு போடுகிற மறுகூட்டலே போதும் என்றார் சார். அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டுமென்றால் மறுமதிப்பீடு, 505 ரூபாய், ஆனால் அதில் மார்க் குறையவும் வாய்ப்பு உண்டு, குறைந்தால் அதுதான் இறுதி. அவரே தாளை இன்னொரு முறை முதலிலிருந்து போட்டுப் பார்த்து, தாராளமாகப் போட்ட இடம் எதுவும் இல்லை, குறையாது, நான்கு அல்லது ஐந்து ஏறும் என்றார். அவள் சொன்ன தொண்ணூறு எங்கேயும் இல்லை. சரி என்று போட்டோம்.

இந்த இரண்டாம் கட்டத்துக்குப் பள்ளிக்குப் போகக் கூடாது. தளத்திலிருந்து படிவத்தை இறக்கி, நிரப்பி, இரண்டு நகல் எடுத்துக்கொண்டு மாவட்டத்தில் உள்ள அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து அங்கேயே பணம் கட்ட வேண்டும். எங்களோடு வரிசையில் நின்றவர்களில் சிலர் பள்ளிக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள்.

அப்புறம் காத்திருப்பு. அதற்குள் கலந்தாய்வுக்குப் பழைய மார்க்கோடு விண்ணப்பித்தாகிவிட்டது, மறுமதிப்பீட்டுக்காக அதைத் தள்ளிப்போடவே கூடாது. ஜூனில் பட்டியல் வந்தது. மார்க் மாறியவர்களின் பதிவெண்கள் மட்டும்தான் அதில் இருக்கும், உங்கள் எண் இல்லையென்றால் மாற்றம் இல்லை என்று அர்த்தம், தனியாகக் கடிதமோ குறுஞ்செய்தியோ எதிர்பார்க்காதீர்கள். அவள் எண் இருந்தது. இயற்பியல் 85, கட்-ஆஃப் 186.5. இரண்டு புள்ளிதானே என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். கட்-ஆஃப் சமமாக இருந்தால் கணித மார்க், அப்புறம் இயற்பியல் மார்க் என்று வரிசையாகப் பார்த்து ரேங்க் பிரிக்கிற இடத்தில் இரண்டு புள்ளி பெரிய தூரம்.

மாறிய மதிப்பெண்ணோடு புதுப் பட்டியலைத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். இறக்கிய கையோடு கலந்தாய்வு விண்ணப்பத்தில் புது மார்க் ஏறியிருக்கிறதா என்று உள்ளே போய் நீங்களே பாருங்கள், ரேங்க் பட்டியல் வருவதற்குள்.