ரீபிலே தாண்டுவதைத் தரைக்குப் பக்கத்திலேயே பழகுங்கள்

கயிற்றில் இறங்கக் கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும். செங்குத்துக் குகையில் புதியவருக்குத் தண்ணி காட்டுவது ரீபிலேதான்.

யார்க்‌ஷயரின் கேப்பிங் கில் குழி சுமார் 98 மீட்டர் ஆழம். 1895இல் பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் மார்ட்டெல் அதில் நூலேணி போட்டு இறங்கினார். இன்று அதே வேலைக்கு 9 முதல் 11 மி.மீ. தடிமனுள்ள, அதிகம் இழுபடாத ஒற்றை நைலான் கயிறு. ஏறுபவர் எம்பும்போதெல்லாம் அது பாறை விளிம்பில் அராவும். அதைத் தவிர்க்கவே நடுவழியில் பாறையில் இன்னோர் ஆங்கர் (கயிற்றைத் தாங்கும் பிடிமானம்) அடித்துக் கயிற்றை முடிச்சிட்டு மாட்டுகிறார்கள். அதுதான் ரீபிலே.

உடம்பைத் தாங்கும் பட்டையான ஹார்னஸில், நுனியில் கொக்கியுள்ள இரண்டு கயிறுகள் இருக்கும், ஒன்று குட்டை, ஒன்று நீளம். அவைதான் கௌஸ்டெயில்கள். இறங்கும்போது குட்டை கௌஸ்டெயிலை ஆங்கரில் மாட்டி, எடை முழுவதும் அதில் விழும்வரை இன்னும் சற்று இறங்குங்கள். கயிறு கட்டியவர் மேல் கயிற்றில் தொய்வு விடக் கஞ்சத்தனம் பட்டிருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். நீள கௌஸ்டெயிலையும் மாட்டிவிட்டு, டிசெண்டரை (கயிற்றில் உராய்ந்து மெல்ல இறக்கும் கருவி) கழற்றிக் கீழ்க் கயிற்றில் முடிச்சை ஒட்டிக் கோத்துப் பூட்டுங்கள். இடையில் தொய்வு இருந்தால், குட்டையைக் கழற்றியதும் எடை நீளத்தின்மேல் விழும். பிறகு அதை எடுக்க முடியாது. மேல் கயிற்றின் தொய்வால் தொங்கும் வளையத்தில் கால் வைத்து எம்பி, குட்டையைக் கழற்றி, டிசெண்டரில் உட்காருங்கள். அது தாங்குகிறது என்று உறுதியான பிறகே நீளத்தில் கை வைக்கவேண்டும்.

ஏறும்போது பலரும் செய்யும் தப்பு, கை அசெண்டரை (மேலே மட்டும் நகர்ந்து, கீழே இழுத்தால் பற்களால் கயிற்றைக் கவ்வும் கருவி) முடிச்சில் முட்டும்வரை தள்ளுவது. அதைக் கழற்ற, முதலில் சற்று மேலே தள்ளிப் பற்களை விடுவிக்க வேண்டும். முட்டிக்கொண்டிருந்தால் தள்ள இடம் ஏது? நாலு விரற்கடை கீழேயே நிறுத்துங்கள். கௌஸ்டெயிலை ஆங்கரில் மாட்டி, கை அசெண்டரில் தொங்கும் கால் வளையத்தில் எழுந்து நின்று, நெஞ்சு அசெண்டரை மேல் கயிற்றுக்கு மாற்றி உட்காருங்கள். அடுத்தது கை அசெண்டர். கௌஸ்டெயில் கடைசியில்.

நெஞ்சுப் பட்டை, நிமிர்ந்து நின்றால் கொஞ்சம் கூன் போட வைக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். தளர்ந்தால் ஒவ்வோர் எம்பலிலும் சில அங்குலம் வீண். கால் வளையத்தில் நேராக நிற்கையில் கை அசெண்டர் நெஞ்சு அசெண்டருக்குச் சற்று மேலே நிற்கவேண்டும். அதன் பாதுகாப்புக் கயிற்றில் தொங்கினாலும் கைக்கு எட்ட வேண்டும். கௌஸ்டெயில்களை இழுபடும் மலையேற்றக் கயிற்றில்தான் செய்யவேண்டும். இழுபடாத கயிறு சிறு விழுகையிலும் முழு அதிர்ச்சியை உடம்புக்கே கொடுக்கும்.

பழகுவதற்கு ஓர் உறுதியான மரக்கிளை போதும். கால் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும்படி ரீபிலே கட்டுங்கள். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். மாட்டிக்கொண்டவரை உடனே இறக்கிவிட வேண்டும். கயிற்றின் அடிமுனையில் முடிச்சுப் போடாமல் யாரையும் ஏற்றாதீர்கள், மரத்திலும் சரி.